சான்றிதழுக்குக் காத்திருக்கும் குழந்தைகள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலர், தொடக்கக் கல்வி இயக்குநர், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இடைநிலை ஆசிரியராகப் பணியாற்றிவருகிறேன். இந்த மடலில் நான் கேட்க வந்தது ஒன்றுதான். படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ தடுமாறும் குழந்தைக்கு வகுப்பறையில் கிடைக்க வேண்டிய உதவியை மருத்துவச் சான்றிதழோடு முடிச்சுப் போடும் வழக்கத்தைத் துறை கைவிட வேண்டும். ஆசிரியர் கவனித்த நாளிலேயே அந்த உதவியைத் தொடங்கலாம் என்று எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். ஏன் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பாடலைச் சொல்லச் சொன்னால் ஒரு வரி பிசகாமல் சொல்வாள். இன்று கேட்ட கதையை நாளை மற்ற குழந்தைகளுக்குத் தன் சொற்களில் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் 'கொடி' என்பதைக் 'கெரடி' என்றும், 'தோடு' என்பதைத் 'தேரடு' என்றும் வாசிப்பாள். நான் அதைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொண்டேன். பத்து முறை எழுதச் சொன்னேன். பத்து முறையும் அதே தவற்றை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது: அவள் தாளில் இருந்ததை இடமிருந்து வலமாக அப்படியே வாசித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' என்றாள். அடுத்து நின்ற துணைக்காலை 'ர' என்றாள். கொம்பும் காலும் இருபுறமும் நின்று நடுவிலுள்ள எழுத்தின் ஒலியை மாற்றுகின்றன என்பது அவளுக்குப் புலப்படவில்லை. மற்ற குழந்தைகள் சொல்லாமலே பிடித்துக்கொண்ட அந்த விதியை, அவளுக்கு நான் பிரித்துக் காட்டியிருக்கவும் இல்லை.

தமிழ் எழுத்து முறை ஒழுங்கானதுதான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றைக் கொண்டு 247 எழுத்துகளையும் கட்டிவிடலாம் என்று பயிற்சி வகுப்புகளில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டு, பின்னால் ஒலிக்கின்றன. உகர, ஊகார வரிசையில் கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' என்ற மூன்று சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றுக்கு மேல், வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் குழந்தை பள்ளியில் 'வந்தது' என்று எழுதியாக வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இவற்றையெல்லாம் தாண்டிவிடுகிறார்கள். சிலர் ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடுகிறார்கள். (1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் லை, ணை, னை, றா போன்றவற்றை ஒரே சீராக்கியது. அச்சுக்கு வசதி என்றுதான் அப்போது பேசப்பட்டது. அதனால் அதிகம் பிழைத்துக்கொண்டவர்கள் என் வகுப்புக் குழந்தைகள் என்றே நான் நினைப்பதுண்டு.)

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சிகளில் எங்களுக்குத் தரப்படும் கவனிப்புப் பட்டியல்கள் பலவும், குழந்தை ஆங்கிலத்தின் 'b'யையும் 'd'யையும் மாற்றி எழுதுகிறதா என்று கேட்கின்றன. தமிழ்க் குழந்தை எங்கே இடறும் என்று அவை கேட்பதில்லை. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய இந்திய மொழிகளுக்கென 'டாலி' என்ற சோதனைத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, முதல் வரிசையில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவையே இருந்தன. தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்தே தொடங்கும் ஒரு கவனிப்புப் பட்டியல் ஒவ்வொரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மேசையிலும் இருக்க வேண்டும். அதை உருவாக்கத் தேவையான தரவு துறையிடமே இருக்கிறது. குழந்தைகளின் மதிப்பீடுகளை நாங்கள்தாம் செயலியில் சலிக்காமல் பதிவேற்றிக்கொண்டிருக்கிறோமே.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பேச்சே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' ஒன்று. அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு, இக்குறைபாட்டை இயன்றவரை விரைவாகக் கண்டறிந்து, கற்பிக்கும் முறையிலும் பிறவற்றிலும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசு நிதி பெறும் பள்ளிகளையும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் பணிக்கிறது. குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற வரம்பு 31-ஆவது பிரிவில், 6 முதல் 18 வயது வரையிலான இலவசக் கல்வி உரிமையைப் பற்றிப் பேசும்போது வருகிறது. 16-ஆவது பிரிவில் அந்த வரம்பு இல்லை. அப்படியிருந்தும், வகுப்பறையில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்ய நாங்கள் கேட்கும்போது முதலில் வரும் கேள்வி, "சான்றிதழ் இருக்கிறதா?" என்பதுதான்.

சான்றிதழுக்கான மைய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், குழந்தைக்கு 8 வயது ஆன பிறகே கற்றல் குறைபாட்டுச் சான்று வழங்கலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் கூறின. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு வயதில் தாமதமாக வாசிப்பவர் எல்லாரும் குறைபாடு உடையவர் ஆகிவிட மாட்டார். அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அதைக் கழற்றுவது கடினம். மருத்துவர் காத்திருப்பது சரி. ஆசிரியரும் சேர்ந்து காத்திருப்பதுதான் தவறு. எட்டு வயது ஆகும்போது குழந்தை மூன்றாம் வகுப்பில் இருக்கும். அதற்குள் 'படிப்பு வராது' என்ற முடிவை ஊரும் வீடும் எடுத்திருக்கும், குழந்தையும் எடுத்திருக்கும்.

எட்டு வயதுக்குப் பிறகும் சான்றிதழ் எளிதில் கைக்கு வருவதில்லை. நான் சொன்ன சிறுமியின் தாய் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மாவட்ட மருத்துவமனை ஒன்றுக்கு இரண்டு பேருந்து மாறி மூன்று முறை மகளை அழைத்துச் சென்றார். ஒரு முறை மருத்துவர் விடுப்பு. ஒரு முறை உளவியலாளர் வேறு முகாமுக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை, பள்ளியிலிருந்து இன்னொரு கடிதம் வேண்டும் என்றார்கள். நான்காம் முறை அவர் போகவில்லை. "பிள்ளை நல்லாத்தானே இருக்கா டீச்சர், அவளுக்கு எதுக்கு ஊனச் சான்று?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது சான்று அல்ல, வேறு விதமாகச் சொல்லிக்கொடுப்பது. அதைச் செய்ய வேண்டியவள் நான்.

செய்து பார்த்ததையும் சொல்கிறேன். கொம்பையும் காலையும் ஒரே நிறத்திலும் நடு எழுத்தை வேறு நிறத்திலும் எழுதிய அட்டைகள். புளியங்கொட்டையை அடுக்கி எழுத்தின் மேல் விரலால் தடவுதல். ஒரு பக்கத்தில் நான்கு வரிக்கு மேல் இல்லாத பெரிய எழுத்துத் தாள்கள். சூழ்நிலையியல் தேர்வில் விடையை வாயால் சொல்ல அனுமதி. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில், எட்டு மாதங்களில் 'அரும்பு' நிலையிலிருந்து 'மொட்டு' நிலைக்கு வந்தாள். 'மலர்' நிலைக்கு வரவில்லை. அற்புதம் எதுவும் நிகழவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாசிக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்க வெளியே போவதை அவள் நிறுத்திவிட்டாள்.

உயர் வகுப்புகளில் தரப்படும் சலுகைகளும் இவளைப் போன்றவர்களை மனத்தில் வைத்து உருவானவையாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உள்ளன, அவை தேவையானவை. ஆங்கில வழியில் படிக்கும் மாணவர் ஒருவருக்குத் தமிழ்த்தாள் இல்லாமற்போனால் சுமை உண்மையாகவே குறையும். தமிழ் வழியில் படிக்கும் குழந்தைக்கு எந்த மொழித்தாளை விலக்கினாலும் அறிவியலும் சமூக அறிவியலும் கணக்கும் தமிழில்தானே இருக்கின்றன? சான்றிதழ் இல்லாதவர்களோ 'மெல்லக் கற்போர்' என்ற பட்டியலில் சேர்கிறார்கள். அவர்கள் கையில் கிடைப்பது குறைந்தபட்சக் கற்றல் கையேடு. ஒன்பது ஆண்டுகளாக ஏன் மெல்லக் கற்றார்கள் என்று ஒருவரும் கேட்காமல், பத்தாம் ஆண்டில் 35 மதிப்பெண்ணுக்கு வழி சொல்கிறோம்.

குழந்தையை மையமாக வைத்த கல்வி நமக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் வந்தது. கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தாழ்நிலைக் கரும்பலகை, குழந்தைகளின் படைப்புகள் தொங்கிய கம்பிப் பந்தல் எல்லாவற்றையும் நாங்கள் முதலில் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றோம். வரிசை இல்லாத வகுப்பில் கடைசி வரிசை என்று ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஆனால் அதே ஏணியில் ஒரே படியில் மாதக்கணக்கில் நின்ற குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். 'அவரவர் வேகத்தில்' என்ற நல்ல சொல், நின்றுபோன குழந்தையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட நமக்குச் சாக்காகவும் ஆகிவிட்டது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் குழந்தையை இருக்கும் இடத்தில் சந்திக்கும் நல்ல ஏற்பாடே. ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகள் அரும்பிலேயே இருந்தால் அடுத்து யார் வந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் அதில் தெளிவான விடை இல்லை. 2024 டிசம்பரில் மைய அரசு 5, 8 வகுப்புகளில் தேர்ச்சியை நிறுத்திவைக்க வழிசெய்தபோது, தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது, நன்றி. குழந்தையை வகுப்பில் நிறுத்திவைக்கவில்லை என்றால், பாடத்தில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை இரு மடங்காகிறது.

அந்தக் கடமையை ஈராசிரியர் பள்ளி ஒன்று தனியாகச் செய்ய இயலாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். கணக்கு தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் இடத்தில்தான், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநரின் துணை மிகுதியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் தீர்ப்பு தொடக்க நிலையில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை வகுத்தது. பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. எங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் வருவது மாதத்தில் ஓரிரு முறை. அதிலும் பாதி நேரம் பதிவேடுகளில் போய்விடும். அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். மைய, மாநில அரசுகளின் நிதிச் சச்சரவில் தம் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமலே மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் வந்துபோனவர். அவர் மீது எனக்குக் குறையே இல்லை. குழந்தையைத் தனியே அழைத்து அரை மணி நேரம் பயிற்சி தருவதைவிட, அந்த அரை மணி நேரம் என் வகுப்பிலேயே என்னோடு நின்று, அடுத்த இரு வாரங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனால் பயன் பல மடங்காகும் என்று அவரே சொன்னார். அவருடைய பணிப்பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

ஆகவே, வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு சுற்றறிக்கை வேண்டும். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் கூடுதல் நேரம், வாய்மொழி விடை, பெரிய எழுத்துத் தாள், குறைக்கப்பட்ட எழுத்துவேலை ஆகியவற்றைச் சான்றிதழ் கேட்காமல், ஆசிரியரின் எழுத்துமூலக் கவனிப்பின் பேரிலேயே அளிக்கலாம் என்று அது சொல்ல வேண்டும். இந்த வகுப்புகளில் பொதுத் தேர்வு இல்லை. யாரும் யாரையும் முந்திவிடப் போவதில்லை. அரசுக்கு ஒரு ரூபாய் செலவும் இல்லை. சிறப்புப் பயிற்றுநரின் வருகை வகுப்பறைக்குள் நடந்ததாகப் பதிவாக வேண்டும். பணியிடங்களை நிரந்தரமாக்குவதற்குக் காலம் ஆகும் என்பதை அறிவேன். நீதிமன்றம் சொன்ன விகிதத்தை எட்ட எந்த ஆண்டு இலக்கு என்பதையாவது அறிவியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் குழந்தைக்கு நாங்கள் தரும் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் இரண்டை எழுதுகிறோம். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவள் எப்படிச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று எழுத அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சிறுமி நடுநிலைப் பள்ளிக்குப் போன நாளில், அவளுக்கு எவை உதவின, எவை உதவவில்லை என்று ஒரு தாளில் நானே எழுதி, அங்குள்ள வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொல்லி அவள் தாயிடம் தந்தேன். அவர் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பேருந்து வந்துவிட்டதென்று ஓடினார். அந்தத் தாளுக்கு மாற்றுச் சான்றிதழில் ஒரு பக்கம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்