ஏழாம் மாடிக்கு ஏற்ற ஆர்க்கிட்

சோமனூர்,
வைகாசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கத்தை மூட்டுவலியும், உப்பில்லாத ரசமும், கரண்ட் போய் லிஃப்ட் நின்ற கதையும் பிடித்துக்கொண்டன. கடைசி நான்கு வரியில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். கோபியில் பண்ணையத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சரவணம்பட்டியில் மகன் வீட்டுக்குக் குடிவந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, நாலடி பால்கனியில் ஆர்க்கிட் வளருமா என்று கேட்கிறாய். வளரும். ஆனால் நர்சரிப் பக்கம் போவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. கூலி உயர்வுப் பேச்சு வழக்கம்போல் இழுத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கு வரிசைத் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டேன். மேற்கு வரிசை மட்டும் ஓடுகிறது. உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. சின்னவளுக்கு ஆவணியில் முடிக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. முடிவானால் முதல் பத்திரிகை உனக்குத்தான்.

நான் செடி வைத்திருக்கும் இடத்தை நீ பார்த்ததில்லை. வீட்டுச் சுவருக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் பாவு சுற்றும் பழைய பீம் குழாயைக் குறுக்கே மாட்டி, அதில் அத்தனையையும் தொங்கவிட்டிருக்கிறேன். பாவு காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று கோடையில் குடோன் தரையில் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா? அந்த ஈரக்காற்று ஜன்னல் வழியாக நேரே சந்துக்குள் வருகிறது. நூல் கேட்கும் அதே காற்றைத்தான் ஆர்க்கிடும் கேட்கிறது. ஒரே தொல்லை பஞ்சு. இலை மேல் படிந்து மூடிவிடும். அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும். தறிச் சத்தத்தைப் பற்றிச் செடிகள் இதுவரை என்னிடம் புகார் சொன்னதில்லை. உன் தங்கச்சி சொல்கிறாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "நாலடி இடம்தானே இருக்கிறது" என்று நீ அழாத குறையாக எழுதியிருக்கிறாய். இடம் சிறிது என்பது ஆர்க்கிடுக்கு ஒரு குறையே அல்ல. நாம் வீட்டில் வளர்க்கும் வகைகளின் சொந்த ஊர் மரக்கிளை. பட்டையைப் பிடித்துக்கொண்டு, மழையையும் பனியையும் குடித்து வாழ்கிற சாதி. ஒரு கைப்பிடி மண்கூட வேண்டாம். மண்ணில் வைத்தால்தான் சாகும். அதற்குப் பதிலாகக் காற்றிலும் தண்ணீரிலும் வெளிச்சத்திலும் கறாராக இருக்கும். நாற்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் கட்டிய உனக்கு இதுதான் கஷ்டம். பார்த்துப் பார்த்து ஊற்றியே கொன்றுவிடுவாய் என்பது என் பயம்.

எப்போது ஊற்றுவது என்பதை வேரே சொல்லும். அதன் மேல் செத்த செல்களாலான உறை ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார். கண்ணெதிரிலேயே உறை தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடி போலாகி, உள்ளேயிருக்கும் பச்சை வெளியே தெரியும். நுனியில் அரை விரல் நீளத்துக்கு உறை மூடாத புது வேர், பளபளவென்று பச்சையாகவோ லேசான ஊதாவாகவோ இருக்கும். நுனி அப்படி இருந்தால் செடி நன்றாக இருக்கிறது. வேர் வெள்ளையானால் ஊற்று. பச்சையாக இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நில். காலையில் ஊற்று, இரவில் வேண்டாம்.

ஊற்றும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் கலந்து தொட்டியில் ஏற்றுகிறார்கள். அந்த உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், வேர் நுனியைக் கருக்கும். இங்கே நொய்யல் ஓரத்துத் தண்ணீரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் மழைநீரைப் பிடித்து வைத்துத்தான் சமாளிக்கிறேன். உனக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. மகன் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட்டுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதன் குழாயிலிருந்து சொட்டுவது காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர். உப்பே இருக்காது. கீழே வாளி வைத்துப் பிடித்துக்கொள். ஆனால் ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீரை, வீணாகிறதே என்று ஊற்றிவிடாதே. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் போகிறது.

மண்ணுக்குப் பதில் என்ன? பொள்ளாச்சித் தேங்காய் மட்டை. வெளிநாட்டுக்காரன் கப்பலில் வரவழைத்து ஆர்க்கிட் வைக்கும் சரக்கு நமக்குக் காலடியில் கிடைக்கிறது. சுண்டுவிரல் பருமனுக்கு வெட்டி ஊறப்போடு. முதலில் தண்ணீர் செம்பழுப்பாக இறங்கும். அதில் கறையும் உப்பும் இருக்கும். தெளிவாகும்வரை தினமும் மாற்று. அதோடு அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும் கலந்து, பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் போட்டால் போதும். சாணம் போட வேண்டாம் மாப்பிள்ளை, கை பரபரக்கும் என்று தெரியும், இருந்தாலும் வேண்டாம். சொட்டுநீரில் கரைத்து விடுவோமே அந்த 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. நீ யூரியா மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பழகியவன். இங்கே டீஸ்பூனே பெரிது.

இப்போது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கோபியில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்போது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை ஏழாவது மாடியில் வாங்கும்போது அது வேறு சமாச்சாரம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பது அந்தக் காற்றுதான். ஆர்க்கிடுக்கு மெல்லிய காற்றோட்டம் வேண்டும், அதில்லாவிட்டால் அழுகும். ஆனால் அடித்துப்பிடித்து வரும் காற்று வேரைக் காயவைத்துவிடும், தொங்கும் தொட்டியைச் சுவரில் மோதி உடைக்கும். ஆனி பிறப்பதற்குள் தொட்டிகளை மேலும் கீழும் கம்பியால் கட்டிவிடு. அந்த மாதங்களில் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இறக்கி வைத்தாலும் நல்லது. செடியைவிட, கீழே நிற்கிறவன் தலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பால்கனி எந்தத் திசை என்று நீ எழுதவே இல்லை! வாஸ்து பார்த்து வாங்கிய வீடு என்று மட்டும் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். மேற்கு என்றால் மாலை வெயில் இலையைப் பொசுக்கும். 50 சதவீத நிழல்வலை கட்டிவிட்டு டென்ட்ரோபியம் வை. கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகி வைக்கிறார்களே, அதுதான். மெலிந்த கரும்புபோல் கணுக்கணுவாகத் தண்டு விடும். நம் வெயிலைத் தாங்கும், பூவும் வாரக்கணக்கில் நிற்கும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்தது என்று வெட்டிவிடாதே. சேமிப்பு அதில்தான் இருக்கிறது. மறுபடி பூப்பதும் உண்டு, கணுவில் குட்டி விடுவதும் உண்டு. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. லேசாக மஞ்சள் கலந்த பச்சை சரியான நிறம்.

கிழக்கோ வடக்கோ என்றால் ஃபலெனாப்சிஸ். வண்ணத்துப்பூச்சி வரிசையாக உட்கார்ந்த மாதிரிப் பூவோடு நர்சரியில் முன்னால் நிறுத்தியிருப்பார்கள். அதன் அழகில் மயங்கி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பூ உதிர்ந்ததும் செடியையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் நிற்கும் பூ அது, உதிர்ந்தால் செடி ஓய்வெடுக்கிறது என்றுதான் பொருள். பெரும்பாலும் பாசி அடைத்த பிளாஸ்டிக் டப்பாவில் வரும். பாசி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, நம் கை ஊற்றும் அளவுக்கு அது ஆகாது. பூ முடிந்ததும் மட்டைத் துண்டுக்கு மாற்றிவிடு. இன்னொன்று, இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் குருத்து அழுகும். காட்டில் இது கிளையிலிருந்து சாய்ந்து தொங்குவதால் தண்ணீர் தானாக வழிந்துவிடும். நிமிர்த்தி வைத்தது மனிதன் செய்த வேலை. நீயும் சற்றுச் சாய்த்து வைத்துவிடு, நர்சரிக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

மறுபடி பூக்க அதற்குச் சில வாரங்கள் குளிர்ந்த இரவு வேண்டும். கோயம்புத்தூர் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தையில் இரவு 20 டிகிரிக்குக் கீழே போகிறது. சென்னையில் இருக்கும் நம் பழைய கணக்கு வாத்தியார் மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அவன் ஏ.சி. அறையில் வைத்துப் பூக்கவைக்கிறானாம். ஏ.சி. காற்று வறட்டுக் காற்று என்பதால் பக்கத்தில் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்ட தட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

வாண்டா மட்டும் வேண்டாம். தொட்டியே இல்லாமல் வேரைத் தொங்கவிட்டு வளரும், பார்க்க ராஜ கம்பீரம்தான். ஆனால் அந்த வேர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும், கோடையில் தினம் இரண்டு முறை நனைக்க வேண்டும். அந்த நாலடியில் என் தங்கச்சி துணியும் காயப்போட வேண்டும் இல்லையா? வாண்டாவா சேலையா என்று வந்தால் நீ ஜெயிக்கப் போவதில்லை.

பேரனின் மீன்தொட்டி காலியாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைத் தூக்கிப் போடாதே. உள்ளங்கையில் அடங்கும் குட்டி வகைகளை அதற்குள் வளர்க்கலாம். 1829 வாக்கில் லண்டனில் நத்தானியல் வார்ட் என்று ஒரு மருத்துவர், ஆலைப் புகையில் பெரணிச்செடி பிழைக்கவில்லை என்று தவித்தவர், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் அது தானாக முளைத்து நிற்பதைப் பார்த்தார். அதிலிருந்து வந்த கண்ணாடிப் பெட்டியில்தான் பிறகு கடல்தாண்டிச் செடிகள் போயின. வீட்டுக்குள் வைப்பதானால் மேலே எல்.இ.டி. விளக்கு பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். முழுக்க மூடிவிட்டால் பூசணம் பிடிக்கும். மகன் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் விசிறி கட்டாயம் கிடக்கும்; அதை ஒரு மூலையில் மாட்டச் சொல்.

சமையலறை ஜன்னலில் வைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எங்கள் வளவில் ஒரு வீட்டில் மொட்டுவிட்ட ஃபலெனாப்சிஸுக்குப் பக்கத்திலேயே பொங்கலுக்கு வாங்கிய பூவன் தாரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பழம் பழுக்கப் பழுக்க மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய்வரை போனார்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம். உங்கள் வீட்டில் மாம்பழப் பெட்டி எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்.

உன் மைத்துனர் வால்பாறையிலிருந்து மரத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்துக்கொண்டு வருகிறேன் என்றாராமே, அதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது புலிகள் காப்பகம், பிடித்தால் வழக்கு. பிடிக்காவிட்டாலும் மேட்டுப் பனியில் வளர்ந்தது சரவணம்பட்டியில் ஒரு கோடையைத் தாண்டாது. ஒரு காயில் ஆயிரமாயிரம் விதை இருந்தாலும் அது வெறும் தூசி. முளைக்கத் தேவையான உணவு உள்ளே கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் உண்டு. அதனால் ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே பெரிது. 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்கவைத்துக் காட்டினார். அன்று தொடங்கிய ஆய்வகக் குப்பி வளர்ப்பால்தான் பங்களாக்காரர்களின் செடி இன்று நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு வந்த பிறகும் மரத்திலிருந்து பிய்ப்பானேன்? காட்டு வகைகளைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மூட்டுவலி குறைந்ததும் ஒரு நடை போய் வருவோம், சேலத்தில் தட்டுவடை செட்டும் ஆச்சு.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கோவை வருகிறேன். வரும்போது டென்ட்ரோபியம் குட்டி ஒன்றும், வெட்டிய மட்டைத் துண்டு ஒரு பையும் கொண்டுவருகிறேன். மட்டையை ஊறப்போட ஒரு பழைய வாளி எடுத்து வை. மருமகளின் நல்ல வாளியில் கறை பிடித்தால் என்னை இழுக்காதே. திசையை மட்டும் உடனே எழுது. காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வெயில் பால்கனியில் எதுவரை வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்து எழுது.

மூட்டுக்கு அந்த எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா? என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மற்றவை நேரில்.

இப்படிக்கு
உன் சோமனூர் மாப்பிள்ளை