வெயில் விழுந்த தோப்பு

என் பிரியமான சிநேகிதிக்கு,

உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சுடி. போன்ல அரைகுறையா பாத்துட்டு ரெண்டு வார்த்தை பதில் போட மனசு வரல, அதான் நேத்து ராத்திரி அத்தை தூங்குனப்புறம் திண்ணையில உக்காந்து முழுசா படிச்சேன். வெளிய மழை. ஐப்பசி மழை, நம்ம ஹாஸ்டல் ஜன்னல் கம்பி வழியா கைய நீட்டி நனைச்சுக்குவோமே அதே மழைதான், நிக்கவும் மாட்டேங்குது, கொட்டவும் மாட்டேங்குது.

அமெரிக்காவுல உங்க ஆஷ்வில் ஊர்ல அந்த ஹெலீன் புயல் வந்து ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னு எழுதியிருந்தியே, எனக்கு அது போன மாசம் மாதிரி இருக்கு. 2024 செப்டம்பர் 26 ராத்திரி ஃப்ளோரிடாவுல கரையேறுச்சுன்னு நியூஸ்ல பாத்தப்போ உன் நெனப்பே வரலடி எனக்கு, நீ இருக்குறது மலையில, கடலுக்கும் உனக்கும் நூத்துக்கணக்கான மைல் தூரம், அங்க எப்படி வரும்னு நெனச்சுட்டேன். மறுநாள் அந்த ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு ஊருக்குள்ள பூந்த வீடியோவ என் பொண்ணு காட்டுனா, உனக்கு போன் போட்டா போகல, மூணு நாள் போகல. 53 நாள் குழாயில குடிக்கிற தண்ணி இல்லாம இருந்தீங்கன்னு நீ பின்னாடி சொன்னப்போ எனக்கு எங்க வீட்டு போர்வெல் ஞாபகம் வந்துச்சு. கஜா புயலப்போ எங்களுக்குத் தண்ணி நிலத்துக்கடியிலயே இருந்துச்சு, மேல எடுக்க கரண்ட்தான் இல்ல, ஒரு குடம் தண்ணிக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம்.

நீ எழுதுனதுல ஒரு எடத்த நான் திரும்பத் திரும்ப படிச்சேன். ஆத்தங்கரை ஸ்டூடியோவுல வச்சிருந்த படமெல்லாம் சேத்துல போனதுக்கப்புறம் இன்னி வரைக்கும் பிரஷ்ஷ தொடலன்னும், அங்க எல்லாரும் கடைய தெறந்துட்டாங்க எனக்கு மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குதுன்னும் எழுதிட்டு, கடைசியில 'கஜாவுல தோப்பு போனப்புறம் உனக்கு எப்படிடி மறுபடி தென்னங்கன்னு வைக்க மனசு வந்துச்சு'ன்னு கேட்டிருந்தே. அதுக்குத்தான் இந்த லெட்டர். நான் இத யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல, அவருகிட்டகூட.

கஜா வந்தது வியாழக்கிழமை ராத்திரி, விடிஞ்சா 2018 நவம்பர் 16. மொதல்ல வாடக்காத்து, வடக்கேர்ந்து. ஓடு பறக்குது, தோப்புலேர்ந்து மட்டை விழுற சத்தம், அப்புறம் மட்டை சத்தம் நின்னு மரமே விழுற சத்தம். தென்னை விழுறப்போ தரைக்குள்ளேர்ந்து ஒரு தும் வரும், காலுல தெரியும். அப்புறம் திடீர்னு நின்னு போச்சு. ஒரு எல கூட அசையல. அவரு டார்ச் எடுத்துக்கிட்டு வெளிய கெளம்பிட்டாரு, அத்தைதான் கையப் புடிச்சு இழுத்துச்சு, 'போவாத, இன்னும் முடியல, இப்ப எதிர்ப்பக்கம் வரும்'னு. அது சின்னப் புள்ளையில 52 புயலயும் பாத்துருக்கு, 55-ல ராஜாமடத்துப் பக்கம் அடிச்சதையும் பாத்துருக்கு. சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்துல தெக்கேர்ந்து வந்துச்சு. மொத காத்துல தெக்க சாஞ்சு வேரு பாதி விட்டுப்போய் நின்ன மரத்தையெல்லாம் ரெண்டாவது காத்து வந்து முறுக்கி எடுத்துச்சு. புயலோட கண்ணு மேல போனா அப்படித்தானாம். தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, எல்லாம் சல்லிவேர். ஒரு பக்கக் காத்துன்னா வளைஞ்சு குடுத்து தப்பிச்சிடும், ரெண்டு பக்கமும் வந்தா என்ன பண்ணும் பாவம்.

விடிஞ்சு பாத்தா வீட்டு வாசல்ல நின்னா பஸ் போற ரோடு தெரியுதுடி! கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நான் அந்த ரோட்ட வாசல்லேர்ந்து பாத்ததே இல்ல. மாமா வச்ச மரம், மூணு ஏக்கர், 210 மரம். நின்னது 19. அதுலயும் குருத்து திருகிப்போனது ஆறு மாசத்துல பட்டுப்போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் எழவு வீடு மாதிரிதான் இருந்துச்சு, பெரிய ஆம்பளைங்க மரத்து மேல உக்காந்து அழுதாங்க. வேதாரண்யத்துல உப்பளமெல்லாம் சேறு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு மொட்டையா நிக்குது, கோடியக்கரையில மானும் அந்தக் காட்டுக் குதிரைங்களும் செத்து ஒதுங்குச்சு.

நிவாரணம் வந்துச்சு. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. அதப்பத்தி இப்ப பேச வேணாம்.

ஆனா கேரளாவுலேர்ந்து வந்த கரண்ட் ஆபீஸ் ஆளுங்கள மட்டும் சொல்லியே ஆகணும். அந்த வருஷம் ஆகஸ்ட்லதான் அவங்க ஊரே வெள்ளத்துல முங்கி எழுந்திருச்சுது, மூணு மாசத்துல அவங்க வந்து எங்க வயல் சேத்துல எறங்கி கம்பம் நட்டாங்க. எங்க தெருவுல லைட் எரிஞ்ச அன்னிக்கு அத்தை அவங்களுக்கு கேப்பக்கூழ் கரைச்சு குடுத்துச்சு, பாஷை புரியல, ஆனா ரெண்டு பக்கமும் கண்ணு கலங்கிடுச்சு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன்.

தோப்புக்காரங்களுக்கு பருவம்னு ஒண்ணு கெடையாதுடி. இது எனக்கே அப்பதான் தெரிஞ்சுச்சு. 45 நாளைக்கு ஒரு தடவ தேங்கா வெட்டு, வியாபாரி வருவாரு, எண்ணுவாரு, காசு குடுப்பாரு. சித்திரையும் ஒண்ணுதான் மார்கழியும் ஒண்ணுதான். மேல பாத்தா ஓலை, கீழ பாத்தா நெழலு. வெயில் எந்தப் பக்கம் சாயுது, காத்து எப்ப மாறுதுன்னு கவனிக்கவே வேண்டியதில்ல. எங்கப்பா வீடு வயக்காடு, அங்க சின்னதுல வெதைக்கிற பருவத்த பட்டம் பட்டம்னு அப்பா பேசுறது காதுல விழுந்துருக்கு, கட்டிக்கிட்டு வந்து இருபது வருஷத்துல அதெல்லாம் மறந்தே போச்சு.

மரம் போனதும் அந்த மூணு ஏக்கர்ல வெயில் விழுந்துச்சு. மொத நாள் எனக்கு அந்த வெளிச்சத்தையே பாக்கப் புடிக்கல, கண்ணு கூசுது, அசிங்கமா இருக்கு, நம்ம வீட்டு சொவத்த யாரோ பேத்து எடுத்துட்ட மாதிரி. ஒரு மாசம் கொல்லப்பக்கம் போகவே இல்ல. அவரு ஒரு ஏக்கர்ல ஜேசிபி விட்டு மரத்த இழுத்துப்போட்டாரு, அவ்வளவுதான் முடிஞ்சுது, மிச்சம் கெடந்துச்சு. மரத்த மக்க விட்டா அதுல காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், நிக்கிற மரத்தையும் தின்னுடும்னு எல்லாரும் எச்சரிச்சாங்க, அவரு ஒண்ணும் காதுல வாங்குற நெலமையில இல்ல.

அப்ப பக்கத்துக் கொல்லை அக்கா ஒருத்தவங்க, அவங்களுக்கும் எல்லாம் போயிடுச்சு, ஒரு நாள் சாயங்காலம் அரை மூட்டை வெதக்கடலைய கொண்டாந்து வாசல்ல எறக்கி வச்சுட்டு, 'மார்கழிப் பட்டம் போவுது, எங்ககிட்ட மிஞ்சிடுச்சு, போட்டா போடு இல்லன்னா வறுத்துத் தின்னு'ன்னு சொல்லிட்டு உக்காரக்கூட இல்ல, போயிட்டாங்க. ஆறுதல் ஒண்ணும் சொல்லல. அதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த வார்த்தையெல்லாம் அலுத்துப் போயிருந்துச்சு. பட்டம் போவுதுன்னு சொன்னாங்க பாரு, அது மட்டும் உள்ள போய் உக்காந்துக்கிச்சு. நான் அழுதாலும் அழாட்டியும் மார்கழி போயிட்டே இருக்கு. மறுநாள் ரெண்டு ஆள வச்சு அந்த ஒரு ஏக்கர உழுது போட்டேன்.

இருபத்தஞ்சு முப்பது நாள்ல மஞ்சளா பூத்துச்சுடி. கடலைச் செடிய கிட்ட உக்காந்து பாத்துருக்கியா நீ? பூ வாடுனதும் அந்த எடத்துலேர்ந்து ஊசி மாதிரி ஒண்ணு கெளம்பும், மேல போகாது, கீழ வளைஞ்சு மண்ணத் தேடி எறங்கும், மண்ணுக்குள்ள போனப்புறம்தான் காய் புடிக்கும். ஊசி எறங்குற சமயத்துல மண்ணு பொலபொலன்னு இருக்கணும், அதுக்காக மண்ணு அணைச்சு விடுவோம். அந்த ஒரு வாரம் நான் தெனமும் காலையில போயி உக்காந்து பாத்தேன். ஏன் போறேன்னு எனக்கே தெரியல. ஒரு பூ வாடுன எடத்துல சில நாள் கழிச்சு ஊசி, இன்னும் சில நாள்ல அது மண்ணத் தொட்டுருக்கும், எனக்கு நாளைக்கு வந்து பாக்கணும்னு இருந்துச்சு. புயலுக்கப்புறம் நாளைக்குன்னு நான் நெனச்சது அதுதான் மொத தடவ.

கடலை எடுத்தப்புறம், ஆடி வந்தப்போ மத்த ரெண்டு ஏக்கரையும் சுத்தம் பண்ணி மூணடிக்கு மூணடி குழி எடுத்து, 25 அடி எடவெளி விட்டு நெட்டைக் கன்னு வச்சோம். மனசத் தேத்திக்கிட்டு வச்சேன்னு நீ நெனைக்கிற, அப்படி இல்ல. அதுக்குள்ள எனக்கு பட்டம் பாக்குற பழக்கம் வந்துடுச்சு, ஆடி வந்துச்சு, வச்சேன், அவ்வளவுதான். காத்து சோழகத்துலேர்ந்து, அதான் தெக்கத்திக் காத்துலேர்ந்து, வாடைக்கு மாறுற நாள இப்ப என்னால வாசல்ல நின்னே சொல்ல முடியும். ராத்திரி கொல்லையில நின்னா நட்சத்திரம் தெரியும், முன்னாடி ஓலைதான் தெரியும்.

இன்னொண்ணும் அந்த சமயத்துல நடந்துச்சு. புயல் முடிஞ்சு மூணு வாரத்துல, டிசம்பர் 6-ந் தேதி, நெல் ஜெயராமன் எறந்துட்டாரு. 174 பாரம்பரிய நெல்ல தேடி மீட்டவரு, புற்றுநோய். இங்க எல்லாரும் ஏற்கனவே அழுதுக்கிட்டு இருந்தோம், அதோட சேந்து அதுவும். அப்புறம் ஒரு வருஷம் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போனேன், அங்க ரெண்டு கிலோ வெதநெல்லு குடுப்பாங்க, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும், அதுதான் கணக்கு. காட்டுயானம் வாங்கிட்டு வந்து அப்பா குடுத்த அரை ஏக்கர் வயல்ல போட்டேன். ஆளு ஒசரத்துக்கு மேல வளரும், உள்ள யானை நின்னாலும் தெரியாதும்பாங்க. கஜான்னாலும் யானைதான், இலங்கை வச்ச பேரு அது. அத்தை நாத்து நட்ட அன்னிக்கு வரப்புல உக்காந்து, இந்த யானை நம்ம வீட்டு யானைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப கன்னுக்கெல்லாம் ஆறு வயசு. போன வாரம் தெக்கு வரிசையில மூணு மரத்துல பாளை வெடிச்சிருக்கு. அவருக்கு சந்தோஷம் தாங்கல, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புனாரு, உனக்கும் வந்துருக்கும். வெள்ளை ஈ பயம் இருக்கு, ஓலைக்கு அடியில சுருள் சுருளா முட்டை வச்சு எலயெல்லாம் கரும்பூஞ்சணம் புடிக்குது, மஞ்ச ஒட்டுப்பொறி கட்டி, தண்ணி பீச்சி அடிச்சு சமாளிக்கிறோம்.

ஆனா எனக்குள்ள வேற ஒண்ணு ஓடுதுடி, அத உங்கிட்டதான் சொல்ல முடியும். ரெண்டு ஏக்கர்லயும் நெழலு திரும்ப மூடிக்கிட்டே வருது. ஊடுபயிரா போட்ட உளுந்து இந்த வருஷம் கொடியா ஓடிப்போச்சு, காய் இல்ல. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல பழையபடி ஆயிடும், மேல ஓலை கீழ நெழலு. அதுக்குத்தான ஆசப்பட்டோம், அதுக்குத்தான அழுதோம், இருந்தாலும் அந்த வெயில் போகப்போகுதேன்னு இருக்கு. அந்தக் கடலை போட்ட ஒரு ஏக்கர்ல கன்னு வைக்க நான் விடல. வருஷா வருஷம் அவரு கேப்பாரு, ஒரு ஏக்கர சும்மா விடுறியேன்னு. சும்மா விடலயே, கடலை போடுறேன், எள்ளு போடுறேன். தென்னை ஒண்ணையே நம்புனதுலதான ஒரே ராத்திரியில எல்லாம் போச்சுன்னு அவருகிட்ட காரணம் சொல்லியிருக்கேன், அதுவும் உண்மைதான். ஆனா நெஜமான காரணம், அந்த ஒரு ஏக்கராவது எனக்கு மாசம் தெரியிற எடமா இருக்கட்டும்னுதான்.

அதனால உன்ன வரைன்னு சொல்ல நான் இந்த லெட்டர எழுதல. உன் கை எப்ப வரையணுமோ அது உன் கைக்குத் தெரியும், நான் யாரு சொல்ல. நான் கேக்குறது வேற. மலை உச்சியில மொதல்ல செவந்து அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடிவாரத்துக்கு எறங்கி வரும்னு அந்த எல உதிர்காலத்தப் பத்தி ஒரு தடவ எழுதியிருந்தே, எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, எங்களுக்குப் பருவம் கடல்லேர்ந்து மேல ஏறி வருது, உங்களுக்கு மலையிலேர்ந்து கீழ எறங்குது. போன வருஷம் புயல்ல மரமெல்லாம் போயி செவப்பையே பாக்கலன்னும், இந்த வருஷம் ஜன்னல தெறக்கவே இல்லன்னும் சொல்றே. உன் வீட்டுப் பின்னாடி ஓடைக்கரையில ரெண்டு மேப்பிள் விழுந்துடுச்சு, ஒண்ணு நிக்குதுன்னியே, விழுந்த எடத்துல இப்ப வெயில் எப்படி விழுது? அங்க என்ன மொளைச்சிருக்கு? நிக்கிற மரத்துல எந்தப் பக்கத்து எல மொதல்ல செவந்துச்சு, வெயில் படுற பக்கமா, ஓடைப் பக்கமா? தெனமும் ஒரு தடவ போய் பாத்துட்டு எனக்கு எழுதுடி. படமெல்லாம் வேணாம், ரெண்டு வரி போதும், எங்க ஊர்ல எலை செவக்குறதில்ல, எனக்கு தெரிஞ்சுக்கணும்.

அத்தை உன்னக் கேட்டுச்சு. இப்ப எண்பத்தேழு ஆச்சு, காது மந்தம், ஆனா மேகத்தப் பாத்து இன்னிக்கு வருமா வராதான்னு இன்னமும் சரியா சொல்லுது. மழை இப்ப கொஞ்சம் விட்டிருக்கு, வரப்பு ஒடைஞ்சிருக்கான்னு பாத்துட்டு வரணும்.

உன் லெட்டருக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்.

என்றும் உன் ரூம்மேட்