எங்க ரகசிய நம்பரை நீங்க போடாதீங்க: வங்கி ஐயாமாருக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய கிளை மெனேஜர் ஐயாவுக்கும் கொழும்புல தலைமை ஆபீஸ்ல இருக்கிற பெரியவங்களுக்கும்,

வணக்கம். எந்த வங்கின்னு நான் எழுதல, படிச்சா உங்களுக்கே தெரியும். பொகவந்தலாவ பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன்ல, காலையில வேலைக்கு பேர் குடுக்குற பிரட்டுக்களத்துல மேசை போட்டு ஒரே நாள்ல எல்லாருக்கும் ஒன்லைன் பேங்கிங் திறந்து குடுத்தீங்களே, அந்த கேம்ப் விஷயமா தான் எழுதுறேன். அன்னைக்கு உங்க ஒபிசர் மைக்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு. யூசர் நேம் உங்க அடையாள அட்டை, அதான் ஐடி நம்பர், காசு அனுப்புற கோட் அதே ஐடில கடைசி நாலு இலக்கம், ஞாபகம் வெச்சுக்க லேசுன்னாரு. லேசு தான் ஐயா, மைக் சத்தம் கேட்ட அத்தனை பேருக்கும் லேசு.

எங்க அம்மா ஐடியோட போட்டோகொப்பி எங்க எங்க கெடக்குன்னு நெனைக்கிறீங்க? தோட்டத்து ஆபீஸ்ல ஒண்ணு, சேமலாப நிதி ஈபிஎஃப் ஃபைல்ல ஒண்ணு, சங்கத்துல ஒண்ணு, அரசாங்க உதவிப்பணம் அஸ்வெசும ஃபோம்கூட ஒண்ணு, டவுன்ல கொம்யூனிகேஷன் கடைக்காரர் தப்பா அடிச்சிட்டு கூடையில போட்டது ரெண்டு. பூட்டு சாவி ரெண்டையும் ஒரே பேப்பர்ல அடிச்சு ஊர் பூரா குடுத்த மாதிரி ஆச்சு.

சம்பளம் விழுந்த மறுநாள் அம்மா கணக்குல இருந்து 4,900 ரூபா மூணு தடவ போச்சு, மொத்தம் 14,700. ஸ்டேட்மென்ட்ல சீஃப்ட்ஸ்னு, அதாவது வேற வங்கிக்கு ஒன்லைன்ல காசு போனதுன்னு மூணு வரி, அவ்வளவு தான். 5,000க்கு கீழன்னா போனுக்கு வர்ற ஓடிபி நம்பர் கேக்காதாம், அந்த நாலு இலக்கம் போதுமாம், இத நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், ஆனா எடுத்தவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்போ நாள் சம்பளம் 1350, ஈபிஎஃப் 8 வீதம் வெட்டினா கைக்கு 1242, அப்ப அது கிட்டத்தட்ட 12 நாள் பேர், ஒரு நாள் வேலைக்கு எங்க ஊர்ல ஒரு பேர்னு தான் கணக்கு. மழையில, அட்டைக்கடியில, கிலோ குறைஞ்சா அரைப் பேர்னு போடுற மலையில 12 நாள்.

அம்மா ஒரு நாள் பேர விட்டுட்டு பஸ் ஏறி உங்க கிளைக்கு வந்தாங்க, நானும் கூட வந்தேன். ரெண்டு மணித்தியாலம் உக்கார வெச்சு இங்கிலீஷ் ஃபோம் ஒண்ணு நீட்டினீங்க. அப்புறம் கவுண்டர்ல இருந்தவங்க ஸ்க்ரீன பாத்துட்டு, "கோட் சரியாத்தானே அடிச்சிருக்கு, அப்போ நீங்க தான் அனுப்பியிருக்கீங்க"ன்னாங்க. அம்மா ஒண்ணும் பேசல, கையில இருந்த ஐடிய திருப்பி திருப்பி பாத்துட்டே இருந்தாங்க. கோட் சரி தான். அத போட்டது யாரு? நீங்க. மைக்ல சொன்னது யாரு? நீங்க. காசு போனதுக்கு மட்டும் பொறுப்பு அம்மாவா?

விரல் அடையாளம் வெச்சுக்கலாமேன்னு ஒரு தம்பி நல்ல மனசோட சொன்னாரு. அம்மாவோட கட்டை விரல அந்த போன்ல ஏழு தடவ வெச்சு பாத்தோம், எடுக்கல. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளின விரல்ல ரேகை எங்க இருக்கு, கருப்பு கறையும் வெடிப்பும் தான் இருக்கு. அதனால தான் கேக்குறேன், நம்பரை நீங்க போடாதீங்க, அவங்கவங்க நம்பரை அவங்கவங்களே போடட்டும். முதல் தடவ உள்ள போகும்போதே புது நம்பர் போடலைன்னா ஒரு ரூபாகூட வெளிய போகாத மாதிரி வெச்சா என்ன குறைஞ்சிடும்?

ஹொட்லைனுக்கு அடிச்சா அது இன்னொரு கூத்து. நீங்க தானான்னு பாக்க பிறந்த திகதி கேக்குறாங்க. பழைய ஐடில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூணு இலக்கம் வருஷத்துல எத்தனாவது நாள், பொம்பளைன்னா அதோட 500 கூட்டியிருக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்க செக்கிங்குக்கும் பதில் அதே போட்டோகொப்பில தான். இதுல மாசா மாசம் மெசேஜ் வேற வருது, ரகசிய நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு, அதுவும் இங்கிலீஷ்ல. தமிழும் அரச கரும மொழின்னு 1987லயே அரசியலமைப்புல போட்டாச்சு, ஆனா உங்ககிட்ட இருந்து தமிழ்ல வர்றது தைப்பொங்கல் வாழ்த்து மட்டும் தான். வாழ்த்துக்கு நன்றி. நம்பர் மாத்துற மெனுவையும் அப்படியே தமிழ்ல போட்டீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. மத்திய வங்கியோட முறைப்பாட்டு நம்பர் 1935க்கு அடிக்கத் தெரியாம இல்ல ஐயா, முதல்ல உங்ககிட்டயே கேப்போம்னு அம்மா தான் சொன்னாங்க. அந்த 14,700ஐ பத்தி எழுத்துல ஒரு பதில் குடுங்க, தமிழ்ல. கேம்ப்ல திறந்த கணக்கு எல்லாத்துலயும் நீங்க போட்ட அந்த நாலு இலக்கத்தை வர்ற பத்தாம் திகதி சம்பளத்துக்கு முன்னாடி செல்லாம ஆக்கிடுங்க. கீழ் டிவிஷன்லயும் அடுத்த மாசம் கேம்ப் போடப் போறதா பேச்சு இருக்கு, தயவு செஞ்சு அங்கயாவது மைக்ல நம்பர் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவோட மகன்