ஆபீஸ் ஜன்னல்

செக்கானூரணி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, விடும்மா" என்பாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

வேலையை விடு என்கிற உன் கோபம் புரிகிறது. பிள்ளை புனேயில் சம்பாதிக்கிறான், அம்மா 55 வயதில் டவுன் பஸ் ஏறிப் போய் ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறாள் என்று ஊரில் நாலு பேர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நான் போர்டிங்கில் தங்கிப் படித்த அதே கிறிஸ்தவப் பள்ளி, அரசு உதவி பெறுவதுதான், ஆனால் என் இடத்துக்கு அரசுச் சம்பளம் கிடையாது. நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்கிற தொகுப்பூதியம். பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாததால் அதுவாவது மிச்சம்.

எச்.எம். யார் தெரியுமா? போர்டிங்கில் எனக்கு நாலு வகுப்பு கீழே படித்த பிள்ளை. நான் பேன் பார்த்து, சடை பின்னிவிட்டிருக்கிறேன். ஆபீசில் "மேடம்" என்று கூப்பிடுகிறாள், கதவைச் சாத்தினால் "அக்கா". காலை ஜெபத்தில் பாட்டு எடுத்ததும் என் வாய் தன்னால் பாடியது, 37 வருஷம் கழித்து ஒரு வரி பிசகவில்லை. உன் பெரியம்மா "வேதத்துல சேந்துட்டியா?" என்று கேட்டாள். குங்குமம் வைத்துக்கொண்டே ஏழு வருஷம் அங்கே பாடினவள் நான், இனிமேலா புதிதாகச் சேரப்போகிறேன்!

வேலை என்னவோ டி.சி., எமிஸ் என்கிற மாணவர் அடையாள நம்பர், இங்கே படிக்கிறாள் என்கிற போனபைடு சான்று என்று ஓடுகிறது. ஆனால் பழைய மாணவிகள் வரத்து நிறைய. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்க, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்று காட்ட வேண்டுமாம். கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு வருகிறார்கள். இடுப்பில் குழந்தையோடு வருகிறவர்கள் கேட்பது தமிழ்வழிச் சான்று. 2010-ல் வந்த சட்டப்படி அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறதே, டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு அது பெரிய காகிதம். அதற்குப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டித்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உன் அமெரிக்கன் கல்லூரியில் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமோ என்னவோ, எங்களுக்கு இன்னும் அந்தத் தடித்த நோட்டுதான்.

அப்படி ஒருநாள் பீரோவில் தேடும்போது 1981-ஆம் வருஷத்து நோட்டு கையில் வந்தது. என் பெயர் இருந்தது. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் "கூலி". பக்கத்தில் உன் தாத்தாவின் கையெழுத்து. எழுத்துக் கூட்டித்தான் போடுவார், கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

இனிமேல் சொல்லப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பில் இரண்டு மாதம் போர்டிங் பீஸ் நின்றுபோனது. ஜெபம் முடிந்ததும் பாக்கி வைத்தவர்கள் பெயரை வாசிப்பார்கள், நாங்கள் எழுந்து நிற்க வேண்டும். தாத்தா எங்கேயோ புரட்டி, வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது. ஆபீஸ் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கூட்டாளிகள். "யாருடி அது, செருப்பில்லாம?" என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்து, காலையில் வந்து கட்டிவிட்டுப் போனாராம். என்னைப் பார்க்கவில்லை. லீவுக்குப் போனபோது கேட்டதற்கு, "நீ படிச்சுக்கிட்டு இருந்திருப்ப, எதுக்குத் தொந்தரவு" என்றார். அவர் என்னைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்பது இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்த ஜன்னலுக்கு உள்ளே நான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் நாலே முக்காலுக்கு வந்தார், சட்டையெல்லாம் சிமெண்டு. ரசீது போட்டுக் கொடுத்து, வாட்ச்மேனை அனுப்பி மகளைக் கூட்டிவரச் சொன்னேன். கேஷ் கணக்கு நாலு மணிக்கே முடித்தாக வேண்டும் என்று எச்.எம். சத்தம் போட்டாள். அதுவும் நியாயம்தான். மறுநாள் தேதியில் எழுதிக்கொள்கிறேன் என்றேன். "அக்கா, உங்களோட..." என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள், கதவு திறந்திருந்ததுகூட ஞாபகமில்லாமல்.

ஆகவே ராசா, வேலையை விடச் சொல்லாதே. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறேன், மாத்திரையும் விடவில்லை. பொங்கலுக்கு வரும்போது புடவை கிடவை வேண்டாம். பழைய நோட்டில் மை மங்கிக் கிடக்கிறது, கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. நல்லதாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வா, கைப்பிடி உள்ளது.

அன்புடன்,
அம்மா