லிப்கோவை அனுப்பியிருக்கிறேன்

குன்னத்தூர் சத்திரம், மதுரை
ஞாயிறு

அன்பு பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டேன்ப்பா, நல்லா இருக்கேன், வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் இங்கிலீஷில் பேச நீ கூச்சப்படுகிறாய் என்று அத்தை மகன் சொன்னான், அதை விடு.

உன் லிப்கோ டிக்‌ஷனரியைப் பார்சலில் போட்டிருக்கிறேன். புது மண்டபத்தில் கடை இருந்தபோது பழைய புத்தகக்காரரிடம் வாங்கியதுதான். கிழிந்த அட்டைக்கு உள்ளே காலர் கேன்வாஸ் வைத்து ஒட்டிவிட்டேன், இனி பிரியாது. தினம் 5 வார்த்தை போதும். எழுதி, சொந்தமாக ஒரு வாக்கியத்தில் வைத்து, மறுநாள் பார்க்காமல் சொல்லிப் பார். அப்புறம் 3 நாள் கழித்து, அப்புறம் வாரம் கழித்து. பட்டன் துளைக்குக் காஜா எடுக்க நான் பழகியதும் இப்படித்தான். 5 போதும், 50 வேண்டாம்.

கடைக்கு வரும் காலேஜ் பையன் சொன்னான், இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாவற்றுக்கும் வேர், 'பார்ப்பது' என்று அர்த்தம் வரும் ஒரே லத்தீன் வார்த்தைதானாம். வேர் தெரிந்தால் ஒரே கட்டிங்கில் நாலு சட்டை. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பதாம். நீயும் பொங்கலுக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, வேலை இருக்கும். நம் தெருவில் பெங்களூரில் வேலை பார்க்கிற பெண் நீ ஒருத்திதான், அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்கிலீஷில் இருக்கிற கேட்டமரான், செரூட் எல்லாம் நம் கட்டுமரமும் சுருட்டும்தானே. வாங்கிக்கொண்டபோது வெள்ளைக்காரன் கூச்சப்பட்டானா? மீட்டிங்கில் வாய் திறக்க உனக்கு மட்டும் என்ன கூச்சம்? தினம் 5 வார்த்தை, பாப்பா.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் மாமா முன்னால் உன்னை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி 'கோலோனல்' என்றாய். மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். அது 'கர்னல்' என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் குட்டு வெளிப்படக் கூடாதென்று உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ வீட்டில் சத்தமாக வாசித்ததே இல்லை. மார்க் வருகிறதே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இத்தனை வருஷம்.

அந்த வார்த்தை இருக்கும் பக்கத்தில் சிவப்பு நூல் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு போனில் அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டு. தப்பாக வாசித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அம்மா பருப்புப்பொடி வைத்திருக்கிறாள். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம்.

அப்பா