கார்டைக் கழற்றவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுற்றி வளைக்கவில்லை. விசைப்படகுத் தடைக்காலத்தில் ஒரு நண்டு கம்பெனிக்கு நான் சர்வர் போட்டேனே, அந்தக் கதைதான். “நெட்வொர்க் கார்டே இல்லாத சர்வரை விற்றுவிட்டார்” என்று ஒரு போட்டோவோடு வாட்ஸ்அப்பில் கிளம்பியது. சர்வர் என்பது ஆபீஸ் முழுக்கப் பொதுவாக ஓடும் கம்ப்யூட்டர், அதை மற்றதோடு கேபிளில் சேர்ப்பது நெட்வொர்க் கார்டு. இந்தப் பக்கம் உச்சிப்புளி, அந்தப் பக்கம் பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் என்று சுற்றி, கடைசியில் எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்றாவது ஆள் அனுப்பியதில் “கார்டைக் கழற்றி வேறு ஆளுக்கு விற்றாச்சு” என்று ஒரு வரி கூடியிருந்தது.

விலை அதிகம் என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் ஆள் வரவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கழற்றிவிட்டான் என்பதுதான் சோறு இறங்கவிடவில்லை. பதினாறு வருடமாக உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கல்யாண போட்டோவோடு, பாஸ்வேர்டோடு, ரசீதுகூட வாங்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். இந்தக் கடையில் அதைவிடப் பெரிய முதல் எதுவும் இல்லை.

போட்டோவில் இருப்பது ஈஎஸ்எக்ஸ்ஐ 8 இன்ஸ்டால் ஆகும்போது வந்து நின்ற திரை. நெட்வொர்க் அடாப்டர் எதுவும் தென்படவில்லை என்று இங்கிலீஷில் இருக்கும். ஈஎஸ்எக்ஸ்ஐ என்பது ஹைப்பர்வைசர். கீழே விண்டோஸோ வேறெதுவோ இல்லாமல் வெறும் மெஷினில் நேராக ஏறி உட்காரும். அதற்கு மேல் பில்லிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று என்று ஒரே பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர் ஓடும். ஒரு யூபிஎஸ் போதும், ஒரு ஏசி போதும். ஆனால் அது வேலை செய்வதே நெட்வொர்க் வழியாகத்தான் என்பதால், தனக்குத் தெரிந்த கார்டு ஒன்றாவது இல்லாவிட்டால் இன்ஸ்டால் ஆகாமலே நின்றுவிடும்.

‘தனக்குத் தெரிந்த’ என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். விசைப்படகு கரையில் நிற்கிறது, டீசல் போட்டாச்சு, ஐஸ் ஏற்றியாச்சு, ஆளும் ஏறியாச்சு. மீன்துறை டோக்கன் மட்டும் இல்லை. அன்றைக்குக் கடலுக்குப் போன படகுகளின் கணக்கில் அது வராது. அதற்காகப் படகையே விற்றுவிட்டான் என்று யாராவது சொல்வார்களா?

அந்த மெஷினில் மதர்போர்டோடு சேர்ந்து வந்த நெட்வொர்க் கார்டு ரியல்டெக் கம்பெனியின் 8111 சிப். உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பிலும் அநேகமாக அந்தக் குடும்பத்துச் சிப்தான் இருக்கும். அந்தக் கம்பெனியின் சின்னமே நண்டு. நண்டு கம்பெனிக்குப் போன சர்வரில் நண்டு கார்டு மாட்டிக்கொண்டதென்று இப்போது சிரிக்க முடிகிறது, அன்றைக்கு முடியவில்லை. விண்டோஸுக்கும், அதுபோல இன்னொன்றான லினக்ஸுக்கும் அது நன்றாகத் தெரிந்த கார்டு. கார்டோடு பேச உதவும் சின்ன சாஃப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயர், ஈஎஸ்எக்ஸ்ஐ 8 கூடவே கொண்டுவரும் டிரைவர்களில் அதற்கு ஒன்றும் இல்லை. எந்தக் கார்டு ஓடும் என்று ஈஎஸ்எக்ஸ்ஐ-காரர்கள் பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கும்படித்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆர்டர் எடுக்கும் முன் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அன்று ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். “உப்புக்காத்துல போர்ட் அரிச்சிருக்கும் முதலாளி” என்று முதலில் சொன்னதே நான்தான். கடலோரத்தில் எது கெட்டாலும் நாம் உப்பைத்தான் சொல்வோம், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். கேபிளை மாற்றினேன், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினேன், மதர்போர்டின் செட்டிங்கான பயாஸுக்குள் போய் லேன், அதாவது அந்த நெட்வொர்க் கார்டு, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்விட்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கார்டே இல்லாவிட்டால் அந்த விளக்கு எப்படி எரியும்? பிறகு பென்டிரைவிலிருந்து லினக்ஸ் போட்டுப் பார்த்தால் நெட் பிய்த்துக்கொண்டு போகிறது. திரும்பவும் இன்ஸ்டாலருக்கு வந்து, ஆல்ட்டையும் எஃப் 1-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும். ரூட் என்று போட்டு, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு உள்ளே போய், மெஷினில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்தேன். ரியல்டெக் என்று பெயரோடு ஒரு வரி. ஈஎஸ்எக்ஸ்ஐ தன் கணக்கில் வைத்திருக்கும் கார்டுகளின் பட்டியலைக் கேட்டேன், அது காலி. அந்த இரண்டு திரையையும் போட்டோ எடுத்துப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கழற்றிவிட்டான் என்று சொன்னவர்களும் வந்து பார்க்கலாம், டீ உண்டு.

“போன தடவை இதே மாதிரிப் பெட்டியில் போட்டுக்கொடுத்தீர்களே?” என்று அந்த முதலாளி கேட்டது நியாயமான கேள்வி. போட்டது நம் கடைத் தம்பி. இன்ஸ்டால் ஃபைலுக்குள்ளேயே ரியல்டெக் டிரைவரைச் சேர்த்துத் தைத்துவிடுவார், ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7 வரைக்கும் அது ஓடியது. 2020 ஏப்ரலில் 7 வந்தபோது லினக்ஸ் பாணியில் எழுதிய பழைய டிரைவர்களைத் தாங்கும் அடுக்கையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பழைய டிரைவரை எப்படித் தைத்தாலும் பிரயோஜனமில்லை. தம்பி போன வருடம் சவுதிக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், சந்தோஷமாகத்தான் அனுப்பிவைத்தேன். இந்தக் கதையை அவர் ஃபோனில் இரண்டே நிமிடத்தில் சொன்னார். அதற்கு முன் நான் விழித்திருந்தது இரண்டு ராத்திரி.

அவர் காலத்தில் அப்படிப் போட்டுக்கொடுத்த பெட்டிகள் உங்களில் சிலரிடம் இன்னும் ஓடுகின்றன, அவற்றை நீங்களாக அப்கிரேடு செய்ய வேண்டாம், ஒரு ஃபோன் போடுங்கள்.

யூஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் ஏன் போடவில்லை என்று ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர் ஒருவர் கேட்டார். போடலாம், அதற்கென்று தனி டிரைவரும் இருக்கிறது. வீட்டில் பழகிப் பார்க்க அது போதும். ஈரத் தரையை நாளுக்கு நாலு தடவை கழுவித் தள்ளும் இடத்தில், மூன்று கம்ப்யூட்டரின் உயிரை வெளியே தொங்கும் ஒரு வயரில் கட்டிவைக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் இன்டெல் ஐ350, இரண்டு போர்ட் உள்ள சர்வர் கார்டு, சென்னையிலிருந்து வரவழைத்தேன். ஐ350-க்குச் சந்தையில் போலி நிறைய உண்டு, அதனால் தெரிந்த இடத்தில் காத்திருந்து வாங்கினேன். மாட்டியதும் இன்ஸ்டாலர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனது. ஜூன் 15-க்கு விசைப்படகுகள் கிளம்புவதற்குள் பில்லிங் ஓடிவிட்டது. கார்டு செலவு என்னுடையது, நண்டு கம்பெனி முதலாளியிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நடுவில் சில நாள் பில்லைக் கையால் எழுதினார்கள்.

அந்த லாட்ஜில் வேறு வழி பிடித்தோம். அங்கே பழைய ஈஎஸ்எக்ஸ்ஐ எதுவும் இல்லை, எல்லாம் புதிது. அதனால் பிராக்ஸ்மாக்ஸ் என்ற வேறொரு ஹைப்பர்வைசர் போட்டேன். அது டெபியன் லினக்ஸ் மேல் நிற்பது, ரியல்டெக் டிரைவர் அந்த லினக்ஸின் உள்மையமான கெர்னலிலேயே இருக்கிறது. அங்கே இருந்ததும் அதே ரக நண்டு கார்டுதான், முதல் நாளே ஓடியது. நண்டு கம்பெனியிலும் இதையே போட்டிருக்கலாமே என்றால், அவர்கள் கணக்கு சாஃப்ட்வேர் பார்க்கும் ஆளுக்கு ஈஎஸ்எக்ஸ்ஐதான் பழக்கம், மாற்ற மாட்டேன் என்றார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது, அதையும் முடித்துவிடுகிறேன். ஈஎஸ்எக்ஸ்ஐ இலவசப் பதிப்பு கிடையாது என்று நான் சிலரிடம் சொன்னதும் பொய்யாம். 2024 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். நான் சொன்னது நடுவில். தேதியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இனிமேல் சர்வர் ஆர்டர் என்றால் முதலில் கார்டின் அடையாள எண்ணை ஈஎஸ்எக்ஸ்ஐ பட்டியலில் தேடி, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் முன்பணம் வாங்குவேன். வெளியில் வாங்குகிறவர்களும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1978-ல் அவர்கள் விட்ட சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அதற்காக இன்டெல் என்றாலே போதும் என்று இருந்துவிடாதீர்கள், மீதி எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நடந்தும் குரூப்பிலேயே “அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை” என்று எழுதிய வேதாளை பாய்க்கும், மறுநாள் காலையில் வேலையே இல்லாமல் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நண்டு கம்பெனி முதலாளிக்கும் நன்றி. போட்டோ போட்டது அவர் இல்லை, அவர் இன்றைக்கும் நம் வாடிக்கையாளர்தான்.

புதுப் பையன் ஒருவர் திங்கட்கிழமை சேருகிறார், கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள். நேரில் வந்து பார்க்கும் கட்டணம் 1-ஆம் தேதியிலிருந்து 300-க்குப் பதில் 500 ரூபாய். வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல் கடை இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடைக்காரர்,
மண்டபம்