மல்டி ஃபியூயல் அடுப்பு: ஃபேன் நின்னு நாலு மாசம் ஆச்சு, தேங்காத்தொட்டி போட்டு எரிச்சதுனால வாரண்டி இல்லைன்னு சொல்றது பத்தி புகார்

வணக்கம்ங்க.

சர்வீஸ் மேனேஜர் யாரா இருந்தாலும் அவருக்கு, அவருக்கு மேல முதலாளின்னு ஒருத்தர் இருந்தா அவருக்கும் சேர்த்துத்தான் இத எழுதறேன். இதுக்கு முன்னாடி போன்ல பதினாலு தடவ பேசியாச்சு, வாட்ஸ்அப்ல போட்டோ வீடியோ எல்லாம் அனுப்பியாச்சு, பாத்ததுக்கு அடையாளமா ப்ளூ டிக் விழுந்துருக்கு, பதில் மட்டும் வரல. இனி பேசி பிரயோஜனம் இல்லம்மா, எழுத்துல குடுன்னு என் பொண்ணு சொன்னா.

போன ஆடி மாசம் கோயமுத்தூர் கொடிசியா கண்காட்சில உங்க ஸ்டால்ல வாங்குனது. ஃபேன் வெச்ச பெரிய மாடல், பேட்டரி சார்ஜரோட 7,400 ரூபா. பில்லு காப்பி இதோட வெச்சிருக்கேன். அன்னைக்கு உங்க ஆளு எங்க கண்ணு முன்னாடியே ரெண்டு கைப்பிடி தேங்காத்தொட்டிய ஒடச்சுப் போட்டு பத்த வெச்சு, ஒரு போசி தண்ணிய கொதிக்க வெச்சுக் காட்டினாரு. பொகையே இல்ல. அதப் பாத்துத்தான் வாங்குனோம். நாங்க ஆனைமலைப் பக்கம், தோப்புக்குள்ளயே வீடு. தொட்டி, மட்டை, பாளை எல்லாம் எங்களுக்கு காசில்லாம கெடைக்கிறது. அதுக்காகத்தான இந்த அடுப்பு? மரத்தூள அழுத்தி செய்யற பெல்லட்ட காசு குடுத்து வாங்கி எரிக்கணும்னா எனக்கு எதுக்குங்க இது.

மொத நாலஞ்சு மாசம் நல்லா எரிஞ்சுச்சு, அத மறைக்க மாட்டேன். தீபாவளிக்கு முறுக்கு அதிரசம் எல்லாம் அதுலதான் சுட்டேன். காலைல மாட்டுக்கு பருத்திக்கொட்டை வேக வெக்கறது, எங்க அத்தைக்கு குளிக்க சுடுதண்ணி, அப்பறம் இட்லி குண்டா, எல்லாம் ஒரே அடுப்புல முடிஞ்சிரும். பாத்திரத்துக்கு அடில கரி புடிக்கறது பாதிக்கு மேல கொறஞ்சு போச்சு. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர நானே வாங்க வெச்சேன். இப்ப அவங்க மூஞ்சில முழிக்க முடியல.

தை பொறந்ததும் ஃபேன்ல ஒரு கரகர சத்தம். அப்பவே கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன். ஆளு வருவாரு ஆளு வருவாருன்னு ரெண்டு வாரம். அதுக்குள்ள அடியில இருக்கற ஓட்டைத் தகடு நடுவுல குழி விழுந்து வளைஞ்சு போச்சு, தணல் எல்லாம் சாம்பல் தட்டுக்குள்ள கொட்டுது. பத்து நாள்ல ஃபேனே நின்னு போச்சு. உங்க அடுப்பு, ஃபேன் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அது அடுப்பே இல்ல, பொகை போடற டப்பா. எங்க அத்தைக்கு எழுபத்தெட்டு வயசு, ஏற்கனவே இருமல்.

இப்ப உங்க கஸ்டமர் கேர் பையன் பேசுனத சொல்றேன். மாசி மாசம் ஒரு புதன்கெழம, மதியம் பன்னெண்டு மணி இருக்கும், நான் போன் போட்டப்ப அவன்தான் எடுத்தான். தம்பி இந்த மாதிரி ஃபேன் நின்னு போச்சுன்னு பொறுமையாத்தான் சொன்னேன். ஈர வெறகு போட்டிருப்பீங்கன்னான். இல்ல சாமி தொட்டிதான் போடறேன், அதும் அட்டத்துல வெச்சு காஞ்சதுன்னேன். அதுக்கு அவன் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "மேடம், பத்த வெக்கத் தெரியலைன்னா பேசாம கேஸ்லயே சமைச்சுக்கோங்க." சொல்லிட்டு போன வெச்சுட்டான். நான் பன்னெண்டு வயசுலயே அடுப்பு ஊதுனவ. முப்பத்தஞ்சு பேருக்கு வெறகடுப்புல பந்தி சமைச்சிருக்கேன். என் பையன் வயசு கூட இருக்காது அவனுக்கு. நீங்க கால் எல்லாம் ரெக்கார்ட் பண்றோம்னு சொல்றீங்கல்ல, அன்னைக்கு ரெக்கார்டிங்க எடுத்துப் போட்டு நீங்களே கேளுங்க. பணம் கூட அப்பறம், மொதல்ல அவன் எனக்கு போன் பண்ணி மன்னிப்பு கேக்கணும்.

பத்த வெக்கத் தெரியாதுன்னு சொன்னதுனால நான் எப்படி வெச்சிருந்தேன்னு எழுதறேன், தப்பு இருந்தா காட்டுங்க. தொட்டிய ரெண்டு இஞ்சுக்கு மேல போகாம ஒடச்சுக்குவேன். மேல சுத்தி இருக்கற சின்ன ஓட்டைக்கு ஒரு வெரக்கடை கீழ வரைக்கும்தான் நெரப்பறது, ஏன்னா அந்த ஓட்டை வழியா வர்ற காத்துதான் பொகைய எரிக்குது, அத மூடிட்டா தீ மஞ்சளா எரிஞ்சு கரி கக்கும். மேல கொஞ்சம் தேங்கா நாரு வெச்சு மேல இருந்துதான் பத்த வெப்பேன், கீழ இருந்து இல்ல. ஃபேன மொத அஞ்சு நிமிஷம் கம்மியா வெச்சு, தீ புடிச்சதுக்கு அப்பறம்தான் கூட்டறது. அடுத்த தடவ போடும்போது கொஞ்சம் கொஞ்சமா கைப்பிடிதான். சமையல் முடிஞ்சாலும் தணல் அடங்கற வரைக்கும் ஃபேன நிறுத்தறதில்ல, சூடு கீழ திரும்பி வந்து எறக்கை உருகிடும்னு ஸ்டால்லயே சொன்னாங்க, அதுல இருந்து ஒரு நாள் கூட மாத்துனதில்ல. தெனமும் சாம்பல் தட்டுவேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சைக்கிள் கம்பி வெச்சு மேல் ஓட்டை எல்லாம் குத்தி எடுப்பேன். நெல் உமி ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்தோம், கட்டி கட்டியா உருகி தகட்டுல ஒட்டுச்சு, அதோட விட்டாச்சு. பேட்டரிய வாரத்துக்கு ரெண்டு தடவ சார்ஜ் போடறேன். இதுக்கு மேல ஒரு பொம்பள ஒரு அடுப்ப எப்படிங்க பாத்துக்க முடியும்?

சரி, பங்குனில என்னாச்சுன்னா, ஆளு வர மாட்டாரு, நீங்களே கொண்டு வந்துருங்கன்னு மெசேஜ் வந்துச்சு. வீட்டுக்காரரு தோப்புல தண்ணி கட்டப் போயிட்டாரு, நானே கெளம்புனேன். அடுப்பு பதினொரு கிலோ. சாக்குல கட்டி ஆனைமலைல பஸ் ஏறி பொள்ளாச்சி, பொள்ளாச்சில மாறி உக்கடம், உக்கடத்துல மாறி காந்திபுரம், அங்கிருந்து கணபதி. கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட் போட்டாரு. உக்கடத்துல சாக்க தலைல வெச்சுட்டு ரோட்ட தாண்டும்போது இடுப்பு புடிச்சது இன்னும் விடல. பன்னெண்டரைக்கு உங்க சர்வீஸ் சென்டருக்கு போனா, கம்ப்யூட்டர்ல ஜாப் நம்பர் ஏறல, நம்பர் இல்லாம பொருள வாங்க முடியாதுங்கறாங்க. கொண்டு வரச் சொன்னதே நீங்கதானேன்னு மெசேஜ காட்டுனேன். அது ஹெட் ஆபீஸ் மெசேஜாம், இவங்களுக்கு தெரியாதாம். மூணு மணி வரைக்கும் ஒக்காந்திருந்தேன். ஒரு சேர் குடுக்கல, தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்த கேக்கல. கடைசில அதே சாக்கு, அதே நாலு பஸ்ஸு, வீடு வந்து சேரும்போது மணி எட்டு. அன்னைக்கு பால் கறக்க ஆளில்லாம மாடு கத்திட்டு நிக்குது.

அதுக்கப்பறம் ஒரு வாரம் கழிச்சு ஒரு டெக்னீசியன் வந்தாரு, அந்த தம்பி மரியாதையாத்தான் பேசுனாரு, அவர குத்தம் சொல்லல. அவரு எழுதிட்டுப் போன ரிப்போர்ட்தான் வயித்தெரிச்சல். தொட்டி போட்டதுனால தகடு வளைஞ்சுதாம், அதனால வாரண்டி செல்லாதாம். ஏங்க, உங்க பெட்டிமேல பெரிசா கலர்ல போட்டிருக்கற படம் என்னது? வெறகு, பெல்லட், அதுக்குப் பக்கத்துல தேங்காத்தொட்டி! படம் போட்டு வித்துட்டு, போட்டா வாரண்டி இல்லைன்னா எப்படி? தொட்டித் தணல் சூடு ஜாஸ்திதான், கடைசில வெறும் கரியா நிக்கும்போது கீழ இருந்து வர்ற காத்து நேரா அதுமேல அடிச்சு தகடு செவந்து போகும். அது எனக்கே தெரியுதுன்னா செஞ்ச உங்களுக்கு தெரியாதா? அங்க வார்ப்பிரும்புல வெக்க வேண்டிய தகட மெல்லிசா மடிக்கிற தகட்டுல வெச்சா வளையாம என்ன பண்ணும்.

பொள்ளாச்சில லேத் பட்டறைக்காரரு ஒருத்தரு அத கைல வாங்குன ஒடனே இதத்தான் சொன்னாரு. 350 ரூபாய்க்கு கெட்டித் தகட்டுல ஓட்டை போட்டு செஞ்சு குடுத்தாரு, ஃபேன் ரெடியாகி வந்தா போட்டுக்கலாம்னு மாட்டி வெச்சேன். இத உங்க டெக்னீசியன் போட்டோ எடுத்துட்டுப் போயி, வெளி பார்ட்ஸ் போட்டதும் வாரண்டி செல்லாததுக்கு காரணம்னு ரெண்டாவது பாயின்ட்டா எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு மாசம் ஆள அனுப்பலைன்னா நான் என்ன பண்றது? ஃபேன மாத்தலாம்னு எலக்ட்ரிக் கடைல கேட்டா, 12 வோல்ட் ஃபேன் கெடைக்குது, ஆனா உங்க பின்னு வேற மாதிரி, ஒயர வெட்டித்தான் ஜாயின்ட் போடணும்ங்கறாங்க. வெட்டுனா அதுக்கும் ஒரு பாயின்ட் எழுதுவீங்க.

பெட்டில ஐஎஸ் 13152னு, வெறகடுப்புக்கான இந்திய தர நம்பர் போட்டிருக்கீங்க. என் பொண்ணு அதையும் எடுத்துப் படிச்சா. ஃபேன் வெச்ச அடுப்புன்னா எரியற சூட்டுல கொறஞ்சது 35 சதவீதம் பாத்திரத்துக்கு போயி சேரணுமாம், ஃபேன் இல்லாததுக்கே 25ஆம். இப்ப எங்க வீட்டுல இருக்கறது எந்தக் கணக்குலங்க வரும்? அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டு காப்பி ஒன்னு எனக்கு வேணும், எந்த எரிபொருள போட்டு டெஸ்ட் பண்ணுனீங்கன்னு பாக்கணும்.

இந்த அடுப்புனால எங்க குடும்பமே நாலு மாசமா நெலகொலைஞ்சு கெடக்கு. ரெண்டு மாசம் ஓடற சிலிண்டர் ஒரு மாசத்துல தீருது. மாட்டுக்கு நேரத்துல தீனி வெக்க முடியாம பால் கொறஞ்சு போச்சு, அத்தைக்கு பொகைனால ரெண்டு தடவ ஆஸ்பத்திரி, என் இடுப்புக்கு எண்ணெ மாத்திரைன்னு தனி செலவு. தணல் அடங்கறதுக்கு முன்னாடி அள்ளி பானைல போட்டு மூடி வெச்சா தொட்டிக் கரி கெடைக்கும், இஸ்திரி போடறவரு வாரா வாரம் வாங்கிட்டுப் போவாரு, அந்த காசும் போச்சு. எல்லாம் கூட்டுனா ஒரு லட்சத்துக்கு கொறையாது, நான் சும்மா சொல்லல.

உங்கள கெட்ட பேர் பண்ணனும்னு எனக்கு ஆச இல்லைங்க. நல்லா எரிஞ்ச அடுப்பு, ரெண்டு பேருக்கு நானே சொல்லி வித்துக் குடுத்திருக்கேன். ஃபேனையும் தகட்டையும் மாத்திக் குடுங்க, தகடு வார்ப்பிரும்பா இருக்கணும், இல்ல வேற அடுப்பு குடுங்க, அதுவும் முடியாதுன்னா 7,400 ரூபாயத் திருப்பிக் குடுங்க. ஆளு வீட்டுக்கு வரணும், நான் இன்னொரு தடவ கணபதிக்கு சாக்கு தூக்கிட்டு வர மாட்டேன்.

வர்ற ஆடியோட ஒரு வருஷ வாரண்டி முடியுது, அது வரைக்கும் இழுத்துட்டா போச்சுன்னு நெனச்சா அது நடக்காது. தை மாசத்துல இருந்து கம்ப்ளெய்ன்ட் நம்பர் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். பதினஞ்சு நாள் பாப்பேன். அப்பறம் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுவேன், அதுலயும் ஆகலைன்னா கோயமுத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ்தான். அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்குன பொருளுக்கு கோர்ட் பீஸ் கூட கெடையாதாம், வக்கீல் வெக்காம நானே பேசலாமாம். வளைஞ்ச தகட பத்திரமா பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன், பெட்டியும் அட்டத்துல இருக்கு, படத்தோட.

போன் பண்றதா இருந்தா மதியம் ரெண்டு மணிக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி மாட்டு வேலை. அந்தப் பையன் இல்லாம வேற யாராவது பேசுங்க. அவன் பண்ணுனா மன்னிப்பு கேக்க மட்டும் பண்ணட்டும்.

இப்படிக்கு,
ஆனைமலைல இருந்து உங்க கஸ்டமர்